டெலவெயர் கம்பனி, கலிபோர்னியா களஞ்சியம்

அத்தானின் கம்பனி அமெரிக்காவின் டெலவெயர் மாநிலத்தில் பதிந்த எல்எல்சி, அதாவது வரையறுத்த பொறுப்புக் கம்பனி. மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் அடுக்கி வைக்கும் களஞ்சியமோ கலிபோர்னியாவில். சம்பளத்துக்கு ஆட்களும் அங்கேதான். யாழ்ப்பாணம் கொக்குவிலில் இருந்து கணக்குப் பார்ப்பது நான். ஆள் வைத்துத் தொழில் நடத்தும் மாநிலத்திலும் பதிய வேண்டும் என்று சொல்லும் போதெல்லாம் "பிறகு பாப்பமடா" என்பார். களஞ்சியத்துக்காரர் பதிவுச் சான்று கேட்டதும்தான் அவசரம் பிறந்தது.

கலிபோர்னியாவில் பதியப் படிவம் எல்எல்சி-5, கட்டணம் 70 டொலர். அது பெரிய வேலையில்லை. இழுத்தடித்தது அதோடு இணைக்க வேண்டிய நற்சான்றுப் பத்திரம், அதாவது கம்பனியின் பதிவு ஒழுங்காக இருக்கிறது என்ற சான்று. அதை டெலவெயர் தர வேண்டும். எடுத்து ஆறு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கவும் கூடாது. ஜூன் 1க்குள் கட்ட வேண்டிய 300 டொலர் ஆண்டு வரி நிலுவையில் இருந்தால் டெலவெயர் தராது. அத்தான் கட்டியிருக்கவில்லை. 200 டொலர் தண்டமும் மாதம் 1.5 வீத வட்டியும் சேர்த்துக் கட்டிய பிறகே பத்திரம் வந்தது.

அடுத்தது பெயர். அதே பெயரில் கலிபோர்னியாவில் ஏற்கெனவே ஒரு எல்எல்சி இருந்தது. சரி, டெலவெயர்ப் பெயரைத் தொட வேண்டியதில்லை. கலிபோர்னியாவில் மட்டும் பாவிக்க ஒரு மாற்றுப் பெயரைப் படிவத்திலேயே எழுதலாம். பின்னால் ஊர்ப் பெயரை ஒட்டினேன், ஏற்றுக்கொண்டார்கள். வழக்குக் கடிதம் வாங்கும் முகவருக்குக் கலிபோர்னியாவில் தெரு முகவரி வேண்டும். தபால் பெட்டி செல்லாது.

பதிந்து 90 நாளுக்குள் 20 டொலரோடு, கம்பனியின் விபரங்களைச் சொல்லும் விபரக்கூற்றும் கொடுக்க வேண்டும். இலாபம் இல்லாவிட்டாலும் கலிபோர்னியாவுக்கு ஆண்டுக்கு 800 டொலர் வரி. இதைச் சொன்னதும் அத்தான் போனை வைத்துவிட்டார்.