குன்னூர் குளிரில் வீட்டுக் குப்பையைப் பிரிப்பது, உரமாக்குவது எப்படி?

போன மழைக்காலத்தில் ஒரு நாள், ராத்திரி வாசலில் வைத்த குப்பைப் பையைக் கரடி கிழித்துப் போட்டிருந்தது. படி நெடுக சோறு, முட்டை ஓடு, பழைய பேண்டேஜ். காலையில் அள்ள வந்த தூய்மைப் பணியாளர் அக்காவின் விரலை உடைந்த பல்பு கீறிவிட்டது. எங்கள் வீட்டு பல்பு. அன்றைக்கே பிரிக்க ஆரம்பித்தோம்.

1. மூன்று டப்பா

மக்கும் குப்பை, மக்காத குப்பை, ஆபத்தான குப்பை. 2016 திடக்கழிவு விதிகளும் இப்படித்தான் பிரிக்கச் சொல்லின. பால் கவரை அலசிக் காயவைத்து மக்காததில் போடுங்கள். ஊர்க் குப்பை போய்ச் சேரும் ஓட்டுப்பட்டறையில் அதைப் பிரிப்பவை மனிதக் கைகள்.

2. ஆபத்தானவை

இன்சுலின் ஊசியை மூடியுள்ள கெட்டியான டப்பாவில் போடுங்கள். சானிட்டரி நாப்கினைத் தாளில் சுற்றி, அள்ளுபவருக்குத் தெரிய மேலே சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம். உடைந்த கண்ணாடியும் பல்பும் அட்டைப் பெட்டிக்குள். இதில் மட்டும் சோம்பல் வேண்டாம்.

3. உரம்

பழைய 20 லிட்டர் பெயிண்ட் வாளி போதும். பக்கத்திலும் அடியிலும் துளை போட்டு, இரண்டு செங்கல் மேல், மழை படாத இடத்தில் வையுங்கள். அடியில் நாலு விரல் உயரத்துக்குச் சருகு. சில்வர் ஓக் இலை நல்லது. கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) இலை வேண்டாம், அதன் எண்ணெய் மக்குவதைத் தாமதப்படுத்தும்.

காய்கறித் தோலைப் பொடியாக நறுக்கிப் போடுங்கள். டீத்தூளை அலசிவிட்டுப் போடலாம். ஒவ்வொரு முறையும் அதைப் போல இரண்டு பங்கு சருகால் மூடுங்கள். ஆரம்பத்தில் ஒரு பிடி தோட்டத்து மண்ணும் ஒரு கரண்டி புளித்த மோரும் சேர்த்தால் சுறுசுறுப்பாகும். வாரம் இருமுறை கிளறிவிடுங்கள்.

ஈரம் சரியா? ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள். ஒரு சொட்டு, இரண்டு சொட்டு வந்தால் சரி. ஒழுகினால் சருகு போதவில்லை, நாற்றமும் அதனால்தான்.

மீன், இறைச்சி, எண்ணெய்ச் சாதம் போடாதீர்கள். அந்த வாசனைக்குக் கரடியும் வரும், எலியும் வரும். எலி மூத்திரம் கலந்த தண்ணீர் காலில் உள்ள வெட்டுக்காயம் வழியாக உள்ளே போனால் எலிக்காய்ச்சல். மீன், இறைச்சி மிச்சத்தை மூடிய டப்பாவில் வைத்து, காலையில் வண்டி வந்ததும் கையிலேயே கொடுத்துவிடுங்கள். ராத்திரி வெளியே வைக்கவே வேண்டாம்.

சமவெளியில் இரண்டு மாதத்தில் ஆகும் உரத்துக்கு இங்கே மூன்று, நான்கு மாதம் பிடிக்கும். உறைபனிக் காலத்தில் வாளியைச் சாக்கால் சுற்றி, வெயில் விழும் சுவரோரம் நகர்த்துங்கள்.

4. எரிக்காதீர்கள்

குளிர் காய்வதற்கும்கூட பிளாஸ்டிக் வேண்டாம். பிவிசி பிளாஸ்டிக் எரிந்தால் டயாக்ஸின் என்ற நச்சு உண்டாகும். காற்றில்லாத பனிக்காலையில் அந்தப் புகை மேலே போகாமல் பள்ளத்திலேயே தங்கி, பக்கத்து வீட்டுக் குழந்தையின் மூச்சில் ஏறும்.

அப்புறம், தேங்காய்த் தொட்டி, டயர், பூந்தொட்டித் தட்டு இவற்றில் நிற்கும் தண்ணீரை வாரம் ஒருமுறை கொட்டுங்கள். டெங்கு கொசு அங்கேதான் முட்டையிடும்.

உரம் கறுத்து உதிரியாகி, மழை பெய்த மண்ணின் வாசனை வந்தால் சலித்து எடுக்கலாம். சல்லடையில் மிஞ்சிய கட்டியை அடுத்த வாளிக்கு அடியில் போடுங்கள்.