மரபுவில்லோடு எல்க் வேட்டை: வழிகாட்டி இல்லாமல் செல்வோர் செய்ய வேண்டிய ஆயத்தம்

அமெரிக்காவின் ராக்கி மலைத்தொடரில் செப்டம்பர் மாதம் எல்க் மான்கள் இணைசேரும் காலம். அந்த மாதத்தில், கட்டணத்துக்கு வழிகாட்டி அமர்த்தாமல், பொது நிலத்தில், குறிகாட்டியும் சக்கரங்களும் இல்லாத மரபுவில்லை, அதாவது முனைகள் வளைந்த ரிகர்வ் வில்லையோ நீள்வில்லையோ, ஏந்தி வேட்டைக்குப் போக விரும்புவோருக்காக இதை எழுதுகிறேன். இந்த வேட்டையின் ஏற்பாடுகள் அனைத்தும் ஒரே ஓர் எண்ணைச் சார்ந்தவை. நீங்கள் தவறாமல் எய்யக்கூடிய தூரம்தான் அந்த எண். பெரும்பாலோருக்கு அது 20 கெஜத்தைத் தாண்டாது. பலருக்கு 15 கெஜம்தான். வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோவுக்கு மேல் எடை கொண்டது, மோப்பத்தில் மிகக் கூர்மையானது. அதை அவ்வளவு அருகில் சந்திக்க வேண்டும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் எந்த மாநிலம், எந்தச் சரிவு, எந்த அம்பு, எத்தனை நாள் என்பதையெல்லாம் முடிவு செய்ய வேண்டும்.

அனுமதிச் சீட்டும் இடமும்

ஆயத்தம் குளிர்காலத்திலேயே தொடங்க வேண்டும். எல்க் மிகுதியாக வாழும் மாநிலம் கொலராடோ. அங்கு வில்வேட்டைப் பருவம் அண்மை ஆண்டுகளில் செப்டம்பர் 2 முதல் 30 வரை அமைந்து வருகிறது. வெளிமாநிலத்தவர் கடைக்குப் போய் நேரடியாகச் சீட்டு வாங்கிவிடலாம் என்று பழைய கட்டுரைகள் சொல்லும். அவற்றை நம்ப வேண்டாம். இன்டர்ஸ்டேட் 25 நெடுஞ்சாலைக்கு மேற்கே, அதாவது எல்க் மான்கள் பெரும்பாலும் வாழும் பகுதியில், 2025 முதல் அவர்களுக்கு அந்த வழி இல்லை. ஏப்ரல் தொடக்கத்தில் முடியும் குலுக்கலுக்கு விண்ணப்பித்துத்தான் சீட்டு பெற வேண்டும். வயோமிங்கில் கெடு இன்னும் முன்பே, பிப்ரவரித் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். அங்கே இன்னொரு தடையும் உண்டு: கூட்டாட்சி அரசு ‘வில்டர்னஸ்’ என அறிவித்துள்ள காடுகளில் வெளிமாநிலத்தவர், உரிமம் பெற்ற வழிகாட்டியோ அம்மாநிலவாசி ஒருவரோ உடன் இல்லாமல் பெருவிலங்குகளை வேட்டையாட முடியாது. தனியாகப் போக எண்ணுவோர் வரைபடத்தில் இந்த எல்லைகளை முதலில் குறித்துக்கொள்வது நல்லது.

கொலராடோவில் 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர் எவரும் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்று இல்லாமல் சீட்டு வாங்க முடியாது. மொன்டானாவும் ஐடஹோவும் வில்வேட்டைக்கென்றே தனிப் பயிற்சியையோ முன்பு வில்வேட்டை உரிமம் பெற்றிருந்ததற்கான ஆதாரத்தையோ கேட்கின்றன. வில்லின் இழுவிசைக்கும் சட்ட வரம்பு உண்டு: கொலராடோவில் குறைந்தது 35 பவுண்டு, வயோமிங்கில் எல்க் மானுக்கு 50 பவுண்டு. விதிகள் ஆண்டுதோறும் மாறக்கூடியவை என்பதால், அந்தந்த மாநில வனவிலங்குத் துறை வெளியிடும் நடப்பாண்டுக் கையேட்டை முழுமையாகப் படிக்காமல் பணம் கட்டக் கூடாது.

இடத்தைத் தேர்வதில் மரபுவில்லாளரின் தேவை வேறு. நெடுந்தொலைவு கண்ணுக்குத் தெரியும் திறந்த புல்வெளிகள் துப்பாக்கி வேட்டைக்கு ஏற்றவை. நமக்கு வேண்டியது ஆஸ்பென் மரங்களும் ஸ்புரூஸ் மரங்களும் அடர்ந்து, இடையிடையே சிறு புல்திட்டுகளும் மேடுகளும் கலந்த நிலம். வைட் ரிவர், சான் வான் ஆகிய தேசியக் காடுகளில் இத்தகைய நிலம் 8,000 முதல் 11,000 அடி உயரத்தில் பரந்து கிடக்கிறது. வரைபடத்தில் வடக்கு நோக்கிய சரிவுகளைத் தேடுங்கள். வெயில் படாத அந்த இருண்ட மரக்கூட்டங்களில்தான் எல்க் பகலில் படுத்திருக்கும். சரிவின் நடுவே படிபோல் அமைந்த சமதளம், அருகில் நீரூற்று, மேலே அல்லது கீழே மேய்ச்சல் வெளி ஆகிய மூன்றும் அரை மைலுக்குள் அமைந்த இடங்களைக் குறித்துக்கொண்டு, இயன்றால் கோடையில் நேரில் போய்ப் பாருங்கள். எல்க் புரண்ட சேற்றுக் குழியும் கொம்பு உரசிய மரங்களும் புதிய புழுக்கையும் ஒரே இடத்தில் தென்பட்டால், அந்தப் பள்ளத்தாக்கை எல்க் மான்கள் விரும்பிப் பயன்படுத்துகின்றன என்று கொள்ளலாம். ஒரே இடத்தை நம்பிப் போகாமல் நான்கைந்து இடங்களைக் கையில் வைத்திருக்க வேண்டும். முதல் இடத்தில் ஏற்கெனவே மூன்று வண்டிகள் நிற்பது வழக்கமான காட்சி.

வில்லும் அம்பும்

வில்லின் மீது எழுதப்பட்டிருக்கும் எடை 28 அங்குலம் இழுக்கும்போது உள்ள விசை. நீங்கள் 26 அங்குலமே இழுப்பவர் என்றால், 50 பவுண்டு என்று எழுதப்பட்ட வில் உங்கள் கையில் ஏறத்தாழ 45 பவுண்டுதான். எனவே உங்கள் இழுப்பின் நீளத்தில் தராசு வைத்து அளந்து பார்க்க வேண்டும். எல்க் வேட்டைக்கு 45 முதல் 55 பவுண்டு வரை (வயோமிங்கில் 50க்குக் குறையாமல்) போதும் என்பது என் உறுதியான எண்ணம். குளிரில், களைத்த உடலோடு, முழந்தாளிட்டு நடுங்காமல் இழுக்க முடிகிற எடைதான் உங்களுக்கு உரிய எடை. பெருமைக்காக 60 பவுண்டு வில்லைத் தூக்கி, முழு இழுப்புக்கு முன்பே நாணை விட்டுவிடுகிறவர்களைப் பயிற்சித் திடல்களில் அடிக்கடி காணலாம்.

அம்பு இதைவிட முக்கியம். மரபுவில்லின் அம்பு நொடிக்கு 160 முதல் 190 அடி வேகத்தில்தான் பறக்கும். வேகம் குறைவாக இருப்பதால் ஊடுருவும் ஆற்றலை எடையிலிருந்து பெற வேண்டும். வில்லின் ஒவ்வொரு பவுண்டுக்கும் 10 கிரெயின் (ஒரு கிரெயின் ஏறத்தாழ 0.065 கிராம்) என்ற கணக்கில், 50 பவுண்டு வில்லுக்கு 500 கிரெயினுக்குக் குறையாத அம்பு நல்லது. 550 இன்னும் நல்லது. எடை முன்பக்கம் மிகுந்திருந்தால் அம்பு நேராக உள்ளே போகும். முனைக்கு, அசையாத இரட்டை அலகு கொண்ட எஃகு முனையைத் தேர்ந்தெடுங்கள். உடலில் பட்டபின் விரியும் முனைகள் விரிவதற்கே ஆற்றலைச் செலவழிப்பதால் இந்த வில்களுக்குப் பொருந்தாதவை.

அம்புத் தண்டின் விறைப்பு வில்லுக்குப் பொருந்துகிறதா என்பதை இறகில்லாத அம்பை எய்து பார்த்தால் தெரிந்துகொள்ளலாம். இறகுள்ள அம்புகள் மூன்றும் இறகில்லாத அம்பு ஒன்றும் 15 கெஜத்திலிருந்து எய்யுங்கள். வலக்கையால் நாண் இழுப்பவருக்கு இறகில்லாத அம்பு இடப்புறம் போய்த் தைத்தால் தண்டு விறைப்பு மிகுந்தது. கனமான முனையை மாட்டியோ அடுத்த முறை தண்டைச் சற்று நீளமாக விட்டோ சரிசெய்யலாம். வலப்புறம் தைத்தால் தண்டு தளர்வானது. முனையின் எடையைக் குறைக்க வேண்டும், அல்லது தண்டைச் சிறிது சிறிதாக வெட்ட வேண்டும். கீழே தைத்தால் நாணில் அம்பு பொருத்தும் இடம் மேலே இருக்கிறது என்று பொருள். நான்கும் ஒரே கைப்பிடி அளவில் கூடும்வரை இந்த வேலையை விட்டுவிடாதீர்கள். கோணலாகப் பறந்து வரும் அம்பு, விலா எலும்பில் பட்டதும் தன் ஆற்றலில் பெரும்பகுதியை இழந்துவிடும்.

முனையை அரத்தில் தீட்டி, பின் நுண்கல்லில் தீட்டி, கடைசியில் தோல்பட்டையில் இழுத்து முடியுங்கள். முன்கையில் வைத்து மெல்ல நகர்த்தினால் தோலைத் தொடாமலேயே மயிர் உதிர வேண்டும். அதே முனை உங்கள் தொடையையும் அப்படியே அறுக்கும் என்பதால், முனைகளை முழுவதும் மூடும் அம்பறாத்தூணியும் குருதிக்கசிவை நிறுத்தும் கட்டும் கட்டாயம்.

பயிற்சி

நாள்தோறும் நூறு அம்பு எய்வது தோளைக் கெடுக்கும்; வேட்டைக்கும் அது உதவாது. காட்டில் உங்களுக்குக் கிடைக்கப்போவது முன்னோட்டமில்லாத ஒரே ஓர் அம்பு. ஆகவே, காலையில் எழுந்து, உடல் சூடேறும் முன், வேட்டை உடையும் முதுகுப்பையும் அணிந்து முதல் அம்பை எய்து, அது எங்கே தைத்தது என்பதைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். சில வாரங்களில் அந்தக் குறிப்பேடு உங்கள் உண்மையான தூரத்தைச் சொல்லிவிடும். பத்து முதல் அம்புகளில் ஒன்பது ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவுக்குள் விழும் தூரம் எதுவோ, அதைத் தாண்டி மலையில் எய்வதில்லை என்று இப்போதே முடிவு செய்துகொள்ள வேண்டும். சரிவில் மேல்நோக்கியும் கீழ்நோக்கியும், மரக்கிளைகளின் ஊடாகவும், முழந்தாளிட்டும் எய்து பழகுங்கள். ஆகஸ்டிலிருந்து வேட்டை முனைகளையே மாட்டி எய்யுங்கள்.

எப்போது இழுப்பது என்பதற்கும் பயிற்சி தேவை. சக்கரங்கள் உள்ள காம்பவுண்ட் வில்லை இழுத்து ஒரு நிமிடம் பிடித்திருக்கலாம். நம் வில்லைச் சில நொடிகளுக்கு மேல் பிடிக்க முடியாது. எல்க் நடந்து வரும்போது அதன் தலை ஒரு மரத்தண்டுக்குப் பின்னால் மறையும் அந்தக் கணத்தில் இழுக்கத் தொடங்கி, தோள் வெளிப்படும்போது எய்ய வேண்டும். பயிற்சியில் ஒரு நண்பரை இரு மரங்களுக்கு இடையே நடக்கவிட்டு, அம்பு இல்லாமல், வெறும் நாணை இழுத்துத் தளர்த்திப் பழகினால் இந்த நேரக் கணக்கு உடலில் பதியும்; இழுத்த நாணை வெறுமையாக விட்டுவிடாமல், மெல்லத் தளர்த்த வேண்டும்.

உடற்பயிற்சியைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. 25 கிலோ சுமையோடு மலையேறி இறங்க முடிய வேண்டும். புதிய காலணியை ஜூன் மாதத்திலேயே போட்டுப் பழக வேண்டும். தாழ்நிலத்திலிருந்து வருவோர் மூச்சிரைப்பும் தலைவலியும் தணிய இரண்டு மூன்று நாள் முன்னதாகவே மலையை அடைவது நலம். செப்டம்பரில் பனி பெய்வதும் உண்டு என்பதால் பருத்தி உடையைத் தவிர்த்துக் கம்பளி உடை எடுங்கள். தனியாகப் போவோருக்குச் செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவியும் இன்றியமையாதது.

காற்றும் அழைப்பும்

எல்க் உங்களைப் பார்த்தால் ஒரு நிமிடம் தயங்கி நிற்கக்கூடும். மோப்பம் பிடித்தால் அந்த நொடியே போய்விடும். மலைக்காற்றுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. இரவில் குளிர்ந்த காற்று கனத்துச் சரிவில் கீழே இறங்குகிறது. காலையில் வெயில் சரிவைச் சூடாக்கியதும் திசை மாறி மேலே ஏறுகிறது. மாலையில் நிழல் விழுந்ததும் மீண்டும் இறங்குகிறது. ஆகவே விடியலில் கீழிருந்து மேலே நெருங்க வேண்டும். காற்று ஏறத் தொடங்கிய பின் மேலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ நெருங்க வேண்டும். இடைப்பட்ட மாறுநேரத்தில் காற்று எங்கும் நிலைக்காது. சிறு குப்பியிலிருந்து தூளை ஊதிப் பாருங்கள்: முதலில் காலடியை நோக்கி இறங்கி, பாதி வழியில் நின்று, சுழன்று, உங்கள் முகத்துக்கே திரும்பி வரும். அந்த அரைமணி நேரத்தில் மான் அருகில் கூவினாலும் அசையாமல் காத்திருப்பதே சரி. இருபது கெஜ வேட்டையில் இந்தப் பொறுமையைவிடப் பயன்தரும் கருவி எதையும் நான் கண்டதில்லை.

வில்வேட்டையை அமெரிக்கருக்கு மீண்டும் பழக்கியவர்களில் ஒருவரான மருத்துவர் சாக்ஸ்டன் போப், யாஹி என்ற அமெரிக்கப் பழங்குடி இனத்தைச் சேர்ந்த இஷியிடம் அதைக் கற்றார். 1911இல் கலிபோர்னியாவின் ஒரோவில் அருகே காட்டிலிருந்து வெளிவந்து 1916இல் மறைந்த இஷி, விலங்குகளைக் குரல் கொடுத்துத் தன்னிடம் வரவழைப்பதிலும் ஒளிந்து நெருங்குவதிலும் வல்லவர். எல்க் வேட்டையிலும் அழைப்புக்குத் தனி இடம் உண்டு. ஆண் எல்க் எழுப்பும் பியூகிள் என்ற நீண்ட கூவலையும், பெண் எல்க் எழுப்பும் குறுகிய மெல்லிய ஒலியையும் வாயில் வைக்கும் சவ்வுக் கருவியால் எழுப்பலாம். தொடக்கநிலையாளர்கள் பெண் எல்க்கின் ஒலியோடு நிறுத்திக்கொள்வது நல்லது; அளவுக்கு மீறிய பியூகிள், பெண் கூட்டத்தோடு இருக்கும் ஆணை விரட்டிவிடவும் கூடும். இருவர் சென்றால், அழைப்பவர் எய்பவருக்கு 40, 50 கெஜம் பின்னால் நிற்க வேண்டும். வரும் மான் ஒலி எழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டு, காற்றைப் பிடிக்கச் சுற்றி வரும். எய்பவர் அது சுற்றி வரக்கூடிய பக்கத்தில், மரத்துக்கு முன்னால் தன் உருவம் கலக்கும்படி நிற்க வேண்டும்.

எய்யலாமா கூடாதா என்பதில் இரண்டு கோணங்களே நமக்கு உரியவை. மான் பக்கவாட்டில் நின்றால் முன்னங்காலின் பின்மடிப்பை ஒட்டி, மார்பின் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் எய்யுங்கள். சற்று விலகித் திரும்பி நின்றால் எதிர்ப்பக்க முன்னங்காலை மனத்தில் குறிவைத்து எய்யுங்கள். நேர் முகமாகவோ நம்மை நோக்கிச் சாய்ந்தோ நிற்கும் மானை, அது எவ்வளவு பெரியதாயினும், விட்டுவிடுங்கள்.

எய்த பிறகு

அம்பு தைத்ததும் மான் நின்ற இடத்தையும் கடைசியாக மறைந்த மரத்தையும் மனத்தில் குறித்து, திசைகாட்டியில் அளவெடுங்கள். நுரைத்த இளஞ்சிவப்புக் குருதி நுரையீரலைக் காட்டும். அரைமணிக்குக் குறையாமல் காத்திருங்கள். கருஞ்சிவப்பு என்றால் கல்லீரல். நான்கைந்து மணி நேரம் வேண்டும். பசுமை கலந்த நாற்றம் அம்பில் இருந்தால் குடல். எட்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருப்பதே அந்த மானைக் கண்டெடுக்கும் வழி. முன்கூட்டித் துரத்தினால் அது மைல் கணக்கில் ஓடிவிடும்.

எலும்பு நீக்கினால் பெரிய ஆண் எல்க்கிலிருந்து 80 முதல் 100 கிலோ இறைச்சி கிடைக்கும். ஒருவர் 25 கிலோ சுமந்தால் நான்கு நடை. வண்டி 3 கிலோமீட்டரில் இருந்தால் மொத்தம் 21 கிலோமீட்டர் மலைநடை, அதில் பெரும்பகுதி சுமையோடு. இந்தக் கணக்கை வேட்டைக்கு முன்பே போட்டு, வண்டியிலிருந்து எவ்வளவு தொலைவுக்குள் வேட்டையாடுவது என்பதற்கும் எல்லை வகுத்துக்கொள்ளுங்கள். வயிற்றைத் திறக்காமலேயே தோலை முதுகிலிருந்து உரித்து, நான்கு கால்களையும் முதுகுத் தசையையும் எடுத்து, காற்றுப் புகும் துணிப்பைகளில் இட்டு நிழலில் தொங்கவிடுங்கள். பிளாஸ்டிக் பை சூட்டை அடைத்துவிடும். முதலில் கெடுவது பின்தொடையின் இடுப்பு மூட்டைச் சுற்றிய இறைச்சி. வெப்பமான நாளில் அந்த எலும்பை ஒட்டி உடனே கத்தியால் பிளந்துவிட வேண்டும். பாலினத்தைக் காட்டும் உறுப்பைச் சட்டப்படி இறைச்சியோடு இயல்பாக ஒட்டியபடியே விட வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. வயோமிங்கின் வடமேற்கிலும் மொன்டானாவிலும் கிரிஸ்லி கரடிகள் வாழ்கின்றன. அங்கே கரடித் தெளிப்பானை இடுப்பில் வைத்துக்கொண்டு, இறைச்சியைக் கழிவுக் குவியலிலிருந்து 100 கெஜமாவது தள்ளி, தொலைவிலிருந்தே கண்ணில் படும் இடத்தில் தொங்கவிடுங்கள்.

கொலராடோவில் 1967இல் முதலில் அறியப்பட்ட நாட்பட்ட உடல் நலிவு நோய், மான் இனங்களின் மூளையைத் தாக்குவது. பல மாநிலங்கள் மூளையையும் தண்டுவடத்தையும் தம் எல்லைக்குள் கொண்டுவரத் தடை விதித்துள்ளதால், அவற்றைக் காட்டிலேயே நீக்கிவிட்டு இறைச்சியை மட்டும் எடுத்துச் செல்ல வேண்டும். சோதனை கட்டாயமில்லாத பகுதியில் எய்திருந்தாலும், தலையை மாநிலத் துறையின் மாதிரி சேகரிப்பு மையத்தில் கொடுத்துப் பதிவு எண்ணைப் பெற்றுக்கொண்டு, அதே எண்ணை ஒவ்வொரு பொட்டலத்தின் மீதும் எழுதி உறைபெட்டியில் வைத்து, நோய் இல்லை என்ற முடிவு கைக்கு வந்த பிறகு சமைக்கத் தொடங்குங்கள்.