துணையின் குடியேற்ற விசா: அமெரிக்கத் தூதரகத்தில் நேரில் விசாரிக்கப் போகிறவர்களுக்கு

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அலுவலர் நான் சொன்ன நம்பரைத் தட்டினார். திரையைப் பார்த்தார். இன்னொரு முறை தட்டினார். "இப்படி ஒரு கேஸே இங்கே இல்லையே, மேடம்" என்றார்.

என் கையில் தலையணை கனத்துக்கு ஒரு ஃபைல். கல்யாணப் படங்கள், வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், வரிக் கணக்கு எல்லாம் இருந்தது. அவருக்கு வேண்டியிருந்த ஒரே ஒரு வரி மட்டும் வாசலில் ஒப்படைத்துவிட்டு வந்த செல்போனுக்குள் இருந்தது. விமான டிக்கெட் போட்டு வந்த பயணம் மூன்று நிமிடத்தில் முடிந்தது.

அடுத்த முறை போனபோது ஒரே ஒரு தாளோடு போனேன், வேலை நடந்தது. இடையில் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன். துணைக்காக ஐ-130 மனு போடுவது, டிஎஸ்-260 என்ற ஆன்லைன் விசா விண்ணப்பத்தை நிரப்புவது பற்றியெல்லாம் இதில் இல்லை, அதற்கு ஏகப்பட்ட வீடியோக்கள் இருக்கின்றன. நான் அமெரிக்கக் குடியுரிமை உள்ளவள், வீட்டுக்காரர் வெளிநாட்டில் காத்திருந்தார். கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் மனு போட்டால் அது எஃப்2ஏ பிரிவு. யாருடைய முறை வந்திருக்கிறது என்று வெளியுறவுத் துறை மாதாமாதம் வெளியிடும் விசா புல்லட்டினில், நீங்கள் மனு போட்ட தேதி வந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். வரவில்லை என்றால் எந்தத் தூதரகத்துக்குப் போயும் புண்ணியமில்லை.

முதல் படி: ஃபைல் யாரிடம் இருக்கிறது?

ஃபைல் மூன்று கை மாறும். முதலில் யூஎஸ்சிஐஎஸ், அதாவது மனுவை வாங்கும் அமெரிக்கக் குடியேற்றத் துறை. மனுவை அவர்கள் அங்கீகரித்தபின் நேஷனல் விசா சென்டர், அதாவது என்விசி. இது நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் இருக்கிறது. கட்டணமும் (விசா விண்ணப்பத்துக்கு 325 டாலர், ஸ்பான்சர் பத்திரத்தைப் பரிசீலிக்க 120 டாலர்) ஆவணங்களும் இங்கேதான் சேரும். எல்லாம் சரியாக இருந்தால் 'டாக்குமெண்டரிலி குவாலிஃபைடு' என்று மெயில் வரும். நம்மவர்கள் 'டிக்யூ ஆயிடுச்சு' என்பது இதைத்தான். நேர்காணல் தேதி ஒதுக்கியபிறகுதான் மூன்றாவது கையான தூதரகத்துக்குக் கேஸ் போகும்.

அதனால் டிக்யூ ஆகி மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் தூதரகத்துக்குப் போய் "நேர்காணல் எப்போது?" என்று கேட்டால், "என்விசியிடம் கேளுங்கள்" என்பார்கள். தட்டிக்கழிக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம், கேஸ் இன்னும் அவர்கள் கைக்கு வரவில்லை. யூஎஸ்சிஐஎஸ் தளத்தைத் தினமும் திறந்து பார்ப்பதும் வீண்தான். அங்கீகாரம் ஆனதோடு அவர்கள் வேலை முடிந்தது. அதன்பின் பார்க்க வேண்டியது வெளியுறவுத் துறையின் விசா ஸ்டேட்டஸ் பக்கம். அதில் 'அட் என்விசி' என்றால் என்விசிக்கு எழுதுங்கள். 'ரெடி' என்றோ 'ரெஃப்யூஸ்டு' என்றோ வந்திருந்தால் தூதரகம்.

'ரெஃப்யூஸ்டு' என்றதும் பலர் நிலைகுலைந்து போகிறார்கள். நானும் அன்றிரவு தூங்கவில்லை. நேர்காணலில் ஒரு ஆவணம் குறைந்தாலோ கூடுதல் பரிசீலனைக்கு வைத்தாலோ அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் 221(ஜி) பிரிவின் கீழ் ஒரு கடிதம் கொடுப்பார்கள். இணையத்தில் அதுவும் 'ரெஃப்யூஸ்டு' என்றுதான் காட்டும். ஆவணம் கேட்டு வந்ததாக இருந்தால் அது நிரந்தர மறுப்பு இல்லை, கேட்டதைக் கொடுத்தால் கேஸ் நகரும். ஆனால் ஒரு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். தவறினால் புதிதாக விண்ணப்பித்து மறுபடி பணம் கட்ட வேண்டியிருக்கும். எங்களிடம் கேட்டது என்னுடைய வருமானவரி டிரான்ஸ்கிரிப்ட், அதாவது வரித்துறை தரும் வரிக் கணக்குச் சுருக்கம். மெயிலில் அனுப்பினேன். இரண்டு மாதமாகத் தானியங்கிப் பதிலைத் தவிர எதுவும் இல்லை. அப்போதுதான் நேரில் போவது என்று முடிவெடுத்தேன்.

இரண்டாம் படி: எந்த நம்பர்?

நான் வழுக்கி விழுந்த இடம் இது, கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

நம் கையில் இருக்கும் இரண்டு நம்பர்கள் அச்சாக ஒரே மாதிரி இருக்கும். இரண்டிலும் மூன்று எழுத்து, பத்து இலக்கம். ஒன்று யூஎஸ்சிஐஎஸ் கொடுத்த ரசீது நம்பர். ஐஓஇ, டபிள்யூஏசி, எல்ஐஎன், எஸ்ஆர்சி, ஈஏசி, எம்எஸ்சி இப்படி ஏதாவது மூன்று எழுத்தில் தொடங்கும். மற்றது என்விசி கொடுத்த கேஸ் நம்பர். தூதரகத்துக்குத் தேவைப்படுவது இந்த இரண்டாவதுதான்.

அடையாளம் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. என்விசி நம்பரின் முதல் மூன்று எழுத்து நேர்காணல் நடக்கும் தூதரகத்தின் குறியீடு. மும்பை என்றால் பிஎம்பி. ஊர் பெயர் மாறினாலும் குறியீட்டில் இன்னும் பம்பாய்தான்! அடுத்த நான்கு இலக்கம், கேஸ் என்விசிக்கு வந்த வருடம். அதற்கடுத்த மூன்று, அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பதோடு 500 கூட்டியது. கடைசி மூன்று வரிசை எண். உதாரணத்துக்கு நானே ஒன்று போடுகிறேன்: பிஎம்பி 2023745012. 745இல் 500 கழித்தால் 245. அதாவது 2023 செப்டம்பர் 2. அன்றைய வரிசையில் 12. உங்கள் நம்பரை இப்படிப் பிரித்துப் பாருங்கள். வருடமும் நாளும் பொருந்தி வந்தால் சரியான நம்பர்.

நான் செய்த காரியம் என்ன தெரியுமா? இரண்டு மாதமாக அனுப்பிய அத்தனை மெயிலிலும் சப்ஜெக்ட் வரியில் ஐஓஇ நம்பரைப் போட்டிருந்தேன். மனு போட்ட நாளிலிருந்து மனப்பாடம் ஆன நம்பர், கை தானாக அதைத்தான் தட்டியது. அதனால் நான் அனுப்பிய டிரான்ஸ்கிரிப்ட் எங்கள் ஃபைலில் போய்ச் சேரவே இல்லை.

என்விசியின் முதல் கடிதத்தில் 'இன்வாய்ஸ் ஐடி' என்று மூன்றாவது நம்பர் ஒன்றும் இருக்கும். அது ஆன்லைனில் உள்ளே நுழைவதற்கான சாவி மாதிரி. கவுண்டரில் அது வேண்டாம். வாட்ஸ்அப் குழுக்களில் ஸ்கிரீன்ஷாட் போடும்போது அதை மறைத்துவிட்டுப் போடுங்கள்.

மூன்றாம் படி: பெயரும் பிறந்த தேதியும்

நம்பருக்கு அடுத்து நம்மவர்களைப் படுத்துவது இனிஷியல். பாஸ்போர்ட்டில் ஒரே பெயராக இருந்தால் அமெரிக்கர்கள் அதைக் குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டு, முதல் பெயர் கட்டத்தில் 'எஃப்என்யூ' (முதல் பெயர் தெரியாது) என்று போடுவார்கள். கல்யாணச் சான்றிதழில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் அப்பா பெயரோடு வேறு மாதிரி என்று இருப்பவர்கள், தாளில் என்விசி கடிதத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுத்து மாறாமல் எழுதுங்கள். எது சரியான பெயர் என்ற விவாதத்துக்குக் கவுண்டர் இடமில்லை.

பிறந்த தேதியில் மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். 04/07 என்று போட்டால் நமக்கு ஜூலை 4, அவர்களுக்கு ஏப்ரல் 7.

நான்காம் படி: போவதற்கு முன் மெயில்

நினைத்த நேரத்துக்குப் போய்க் கதவைத் தட்ட முடியாது. பல தூதரகங்களில் விசா பற்றி நேரில் விசாரிக்கவே வழி கிடையாது, மெயிலோ இணையப் படிவமோதான். சிலவற்றில் முன்பதிவின் பேரில் வரச் சொல்வார்கள். உங்கள் தூதரகத்தின் தளத்தில் குடியேற்ற விசாப் பகுதியைப் படித்துவிட்டு, நேரில் வர அனுமதி கேட்டு எழுதுங்கள். பதில் வந்தால் அதை அச்செடுத்துக்கொள்ளுங்கள். வாசல் காவலரிடம் காட்ட அதுதான் உதவும்.

குடியுரிமை உள்ளவர்கள் சிலர் அமெரிக்கக் குடிமக்கள் சேவைப் பிரிவில் அப்பாயின்ட்மென்ட் எடுத்து உள்ளே போய், "அப்படியே விசாவையும் கேட்டுவிடலாம்" என்று பார்க்கிறார்கள். அந்தப் பிரிவு வேறு, விசாப் பிரிவு வேறு. பாஸ்போர்ட் புதுப்பிக்கும் கவுண்டரில் உங்கள் கணவரின் கேஸைத் திறக்க மாட்டார்கள்.

போக வேண்டியது மனு போட்டவரோ விண்ணப்பித்தவரோதான். விசா விவரங்களைச் சட்டப்படி ரகசியமாக வைக்க வேண்டும் என்பதால், விவரம் தெரிந்தவர் என்று மாமாவையோ நண்பரையோ அனுப்பினால் அவர்களிடம் வாயே திறக்க மாட்டார்கள்.

ஐந்தாம் படி: அந்த ஒரு தாள்

மேலே கேஸ் நம்பர், பெரிய எழுத்தில். அதன் கீழே விண்ணப்பதாரர் பெயர், பிறந்த தேதி. பிறகு மனுதாரர் பெயர், பிறந்த தேதி. நேர்காணல் நடந்த தேதி. அதற்கும் கீழே ஒரே ஒரு கேள்வி. எனது இப்படி இருந்தது: "221(ஜி) கடிதத்தில் கேட்ட வரி டிரான்ஸ்கிரிப்டை இந்தத் தேதியில் மெயிலில் அனுப்பினோம். அது ஃபைலில் சேர்ந்திருக்கிறதா?"

"எங்கள் விசா என்ன ஆச்சு?" என்பது கேள்வி இல்லை, புலம்பல். அதற்கு "பரிசீலனையில் இருக்கிறது" என்பதுதான் பதிலாக வரும். ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய மாதிரி கேட்டால் அந்த அலுவலர் திரையைப் பார்த்துச் சொல்லிவிட முடியும்.

தாளைக் கம்ப்யூட்டரில் அடித்து அச்செடுங்கள், கையெழுத்து வேண்டாம். இரண்டு பிரதி. கூடவே 221(ஜி) கடிதத்தின் நகல், கேட்ட ஆவணத்தின் நகல். மற்ற எல்லாவற்றையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். வைத்துக் கொண்டுபோக நான் சிபாரிசு செய்வது இரண்டு பக்கம் திறந்த, உள்ளிருப்பது தெரியும் பிளாஸ்டிக் உறை. ஜிப் வைத்த தோல் ஃபைல் எனக்குப் பிடிக்காது. பாதுகாப்புச் சோதனையில் ஒவ்வொரு அறையையும் திறந்து காட்டச் சொல்வார்கள், பின்னால் நிற்பவர் பெருமூச்சு விடுவார். எந்தத் தேதியில் யாருக்கு என்ன அனுப்பினோம் என்பதற்கு எக்செல் அட்டவணை எல்லாம் போட்டுப் பார்த்தேன். கடைசியில் நாற்பது பக்க நோட்டுதான் கைகொடுத்தது, ஏனென்றால் நோட்டை உள்ளே கொண்டுபோகலாம்.

போன்? விடமாட்டார்கள். லேப்டாப், ஸ்மார்ட் வாட்ச், பெரிய பை எதுவும் ஆகாது. எல்லாத் தூதரகத்திலும் வைத்துவிட்டுப் போக இடமும் இருக்காது. "மெயில்லதானே இருக்கு, காட்டிக்கலாம்" என்பது என்னைக் கவிழ்த்த நினைப்பு.

ஆறாம் படி: கவுண்டரில்

கண்ணாடிக்குக் கீழே ஒரு தட்டு மாதிரி பள்ளம் இருக்கும், தாள் அதன் வழியாகப் போகும். பேச்சு மைக்கில். உங்கள் குடும்பக் கதை பின்வரிசைக்கும் கேட்கும் என்பதைத் தெரிந்துகொண்டு பேசுங்கள். நான் இரண்டாம் முறை போனபோது வணக்கம் சொல்லிவிட்டுத் தாளைத் தட்டில் தள்ளினேன், அவ்வளவுதான். அலுவலர் நம்பர்மேல் விரலை வைத்து ஒவ்வொரு இலக்கமாகத் தட்டினார். பிறகு கேள்வியைப் படித்தார். "சேரவில்லை. சப்ஜெக்டில் இந்த நம்பரைப் போட்டு இன்று திரும்ப அனுப்புங்கள்" என்றார். தாளின் ஓரத்தில் தேதியைக் குறித்துத் திருப்பிக் கொடுத்தார். நான்கு நிமிடம் இருக்கும்.

கவுண்டரில் முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் உள்ளூர் ஊழியர், முடிவெடுக்கும் கான்சுலர் அதிகாரி அல்ல. அவரிடம் வாதாடிப் பயனில்லை. அவர் சொல்வதை அங்கேயே நின்று நோட்டில் எழுதி, "நான் செய்ய வேண்டியது இதுதானே?" என்று ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். விசாரிப்பதற்குக் கட்டணம் எதுவும் கிடையாது. வாசலில் "உள்ளே ஆள் இருக்கு" என்று வருகிறவரிடம் பேச்சே வேண்டாம்.

அன்று மாலையே மெயில் அனுப்பினேன். மூன்றாவது வாரம் ஸ்டேட்டஸ் 'இஷ்யூட்' என்று மாறியது, விசா கொடுத்துவிட்டார்கள்.

சேர்க்கை 1: "சென்னையில்தான் இருக்கிறோம், அங்கேயே விசாரிக்கலாமா?" என்று நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். இந்தியாவில் குடியேற்ற விசா வேலை பெரும்பாலும் மும்பையில், சில வகை புதுதில்லியில். சென்னையில் குடியேற்றம் அல்லாத விசாக்கள்தான். கேஸ் நம்பரின் முதல் மூன்று எழுத்தைப் பாருங்கள், எங்கே கேட்க வேண்டும் என்று அதுவே சொல்லும். இலங்கையில் இருப்பவர்களுக்குக் கொழும்பு.

சேர்க்கை 2: இன்னும் கல்யாணம் ஆகாதவர்களுக்கு இந்த வழி கிடையாது. குடியுரிமை உள்ளவர் ஐ-129எஃப் என்ற மனுவைப் போட்டு, கல்யாணம் செய்யப்போகிறவரை கே-1 விசாவில் வரவழைக்கலாம், வந்து 90 நாளுக்குள் கல்யாணம் செய்ய வேண்டும். கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கு அந்த வசதி இல்லை. கே-1 கேஸையும் தூதரகத்தில் குடியேற்ற விசாப் பிரிவுதான் பார்க்கிறது, அதனால் மேலே சொன்ன தாள் அப்படியே பொருந்தும்.

சேர்க்கை 3: நேரிலும் மெயிலிலும் கேட்டு மாதங்கள் ஆகியும் பதிலே இல்லை என்பவர்கள், அமெரிக்காவில் நீங்கள் வசிக்கும் தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினர் அலுவலகத்தை அணுகலாம். தனியுரிமை ஒப்புதல் படிவம் ஒன்றில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அவர்கள் தூதரகத்துக்கு எழுதுவார்கள். முடிவை மாற்ற அவர்களால் முடியாது, கேஸ் எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டுச் சொல்வார்கள். அந்தப் படிவத்திலும் கேஸ் நம்பர் கேட்பார்கள். ஒரு வாசகி அதில் ஐஓஇ நம்பரைப் போட்டுவிட்டு எனக்கு எழுதியிருந்தார்.