திருகோணமலையில் வாடகை வீட்டைப் பராமரிப்பது எப்படி? புதிதாகத் தொடங்குவோருக்கான செய்முறை

இன்னொருவரின் வீட்டைப் பார்த்துக்கொள்வது என்றால் மாதம் பிறந்ததும் வாடகையை வாங்கி அனுப்புவது என்றே பலர் நினைக்கிறார்கள். திருகோணமலையில் அது வேலையின் சிறு பங்குதான். வீட்டுக்காரர் லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருப்பார். வாடகைக்கு வருபவர் இடமாற்றத்தில் வந்த உத்தியோகத்தர். இரண்டு மூன்று வருடத்தில் போய்விடுவார். உப்புக்காற்றும் மாரி மழையும் மட்டும் வீட்டை விட்டுப் போவதில்லை. இந்த வேலைக்கு வேண்டிய முதல் திறமை, கண்ணால் பார்த்ததை அன்றைக்கே திகதியோடு எழுதி வைப்பது. மற்றவற்றைப் பழகப் பழகக் கற்றுக்கொள்ளலாம்.

படி 1: கையெழுத்து வைக்கும் அதிகாரம்

தொலைபேசியில் "நீங்களே பார்த்துச் செய்யுங்கோ" என்று வீட்டுக்காரர் சொன்னால் போதாது. அவர் சார்பில் ஒப்பந்தம் எழுத உங்களுக்கு அற்றோணித் தத்துவம், அதாவது அவருக்காகக் கையெழுத்து வைக்கும் அதிகாரப் பத்திரம், வேண்டும். அதில் வாடகைக்குக் கொடுக்கும் அதிகாரம் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறதா என்று வாசித்துப் பாருங்கள்.

ஒப்பந்தத்தில் பலர் விடும் பிழை ஒன்று உண்டு. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். கடையில் வாங்கிய படிவத்தில் "ஒரு வருடம்" என்று நிரப்பி இருவரும் கையெழுத்து வைத்தால், வழக்கென்று வரும்போது அந்த ஒரு வருடம் நிற்காது. நொத்தாரிசுக்குக் கொடுக்கும் காசை மிச்சம் பிடிக்காதீர்கள்.

படி 2: திறப்பைக் கொடுக்கும் நாள்

பின்னால் வரும் சண்டைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு நாளைச் சரியாகச் செய்யாததால் வருபவை. வாடகைக்காரரையும் கூட்டிக்கொண்டு, பகல் வெளிச்சத்தில், சாமான் இறக்க முன்னரே அறை அறையாகப் போங்கள். ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

மின்மீற்றரிலும் தண்ணீர் மீற்றரிலும் உள்ள எண்களைப் படம் எடுங்கள். பில் மாத நடுவில் வந்தாலும் யார் எத்தனை அலகு பாவித்தார் என்று அந்தப் படம் சொல்லிவிடும். பிறகு எல்லாக் குழாய்களையும் பூட்டிவிட்டுத் தண்ணீர் மீற்றரின் சிறிய சக்கரத்தைப் பாருங்கள். அது மெல்லச் சுழன்றாலும் எங்கோ ஒழுக்கு இருக்கிறது. முதலில் சந்தேகப்பட வேண்டியது கொமட்டின் தண்ணீர்ப் பெட்டியை. அதற்குள் கொஞ்சம் உணவு நிறத்தைக் கரைத்து, ஃப்ளஷ் பண்ணாமல் அரை மணி நேரம் விடுங்கள். கீழே கோப்பையில் நிறம் இறங்கினால் உள்ளே இருக்கும் ரப்பர் போய்விட்டது. மலிவான சாமான்தான், ஆனால் மாற்றாமல் விட்டால் மாதாமாதம் பில் ஏறும்.

மின்கசிவு வந்தால் கரண்டைத் தானே வெட்டும் ட்ரிப் சுவிச்சில் உள்ள டெஸ்ட் பொத்தானை அமுக்குங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டால் மின்வேலைக்காரர் வந்து பார்க்கும் வரை வீட்டைக் கொடுக்க வேண்டாம். இதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு சுவரையும் மூலையிலிருந்து படம் எடுங்கள். கீறல், கறை, உடைந்த ஓடு ஆகியவற்றைக் கிட்ட நின்று எடுங்கள். எத்தனை திறப்பு, எத்தனை ஃபேன், எந்த யன்னல் கொக்கி இல்லை என்று இரண்டு பிரதிகள் எழுதி இருவரும் கையெழுத்து வையுங்கள்.

படி 3: ஆவணி முடிய முன் கூரை

இங்கே பெருமழை வடகீழ்ப் பருவக்காற்றோடு ஐப்பசி, கார்த்திகையில் தொடங்கி தை வரை இழுக்கும். ஒழுகத் தொடங்கிய பிறகு மேசன் பாஸைக் கூப்பிட்டால் அவர் வந்தும் பயனில்லை. ஈரச் சுவரிலும் ஈரச் சிலாப்பிலும் எந்தப் பூச்சும் பிடிக்காது, இரண்டு கிழமையில் உரிந்து வரும். கச்சான் காற்று வீசிக் காய்ந்திருக்கும் காலத்திலேயே வேலையை முடியுங்கள்.

கூரைப் பீலியில் கிடக்கும் சருகை அள்ளி, ஒரு வாளி தண்ணீர் ஊற்றி ஓட்டத்தைப் பாருங்கள். தேங்கினால் சரிவு பிழை. அப்படியே விட்டால் நுளம்பு பெருகி, டெங்கு வந்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் வருவார். அஸ்பெஸ்டஸ் சீற் என்றால் அதன் மேல் நேராக மிதிக்கக் கூடாது. ஆணி வரிசையின் மேல் பலகை போட்டு அதிலே நடக்கச் சொல்லுங்கள். ஒழுக்கு பெரும்பாலும் சீற்றில் இருப்பதில்லை. ஆணித் தலை துருப்பிடித்து, வாசர் சுருங்கி, அந்த ஓட்டையால்தான் தண்ணீர் இறங்குகிறது.

படி 4: உப்புக்காற்று

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலுக்குக் கிட்ட இருக்கும் வீடுகளுக்கு வருடத்தில் இரண்டு தடவை இரும்புச் சோதனை தேவை. ஃபேன் தொங்கும் கொக்கியைக் கட்டாயம் பாருங்கள். கதவுப் பிணைச்சல் மாற்றும்போது 'ஸ்டெயின்லெஸ்' என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள். 304 ரகம் கடற்கரையில் கறை பிடிக்கும், 316 தாங்கும். பீமின் அடியில் நீளவாக்கில் வெடிப்பும் பழுப்புக் கோடும் தெரிந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்து வீங்குகிறது என்று அர்த்தம். மேலே சீமெந்து பூசி மறைத்தால் அடுத்த மாரிக்குள் கட்டியாக விழும். கொத்தித் திறந்து, கம்பியைத் துலக்கி, துரு தடுப்பு பூசிய பிறகே மூட வேண்டும்.

படி 5: காசுக் கணக்கு

முற்பணம், போகும்போது திருப்பிக் கொடுக்க வேண்டிய வாடகைக்காரரின் காசு. அதைத் தனி வங்கிக் கணக்கில் வையுங்கள், கைச்செலவோடு கலக்காதீர்கள். வீட்டுக்காரருக்கு மாதாமாதம் ஒரு சின்னக் கணக்கு அனுப்பினால் போதும். உதாரணத்துக்கு: வாடகை 45,000 ரூபா, உங்கள் கமிஷன் 10% என்றால் 4,500, பிளம்பர் கூலி 3,200, அனுப்பியது 37,300. பிளம்பரின் பற்றுச்சீட்டையும் படம் எடுத்துச் சேருங்கள். எந்தத் தொகை வரை கேட்காமல் செலவழிக்கலாம் என்பதை ஆரம்பத்திலேயே எழுத்தில் வாங்கி வைத்தால், விடியற்காலையில் குழாய் வெடிக்கும்போது லண்டன் விடியும் வரை காத்திருக்கத் தேவையில்லை.

படி 6: வாடகை பிந்தினால்

ஐந்தாம் நாள் ஒரு செய்தி, பத்தாம் நாள் நேரில் ஒரு பேச்சு, பிறகு கடிதம். அரச சம்பளக்காரருக்குச் சம்பளம் விழும் திகதிக்கு அடுத்த நாளைத் தவணையாக வைத்தால் பாதிப் பிரச்சினை வராது. கோபத்தில் தண்ணீரையோ கரண்டையோ வெட்டுவதும் பூட்டை மாற்றுவதும் கூடவே கூடாது. ஆளை வீட்டிலிருந்து எழுப்ப நீதிமன்றக் கட்டளை வேண்டும். பூட்டை மாற்றினால் வழக்கில் நீங்கள்தான் எதிராளி ஆவீர்கள். வீட்டைப் பார்க்கப் போவதென்றாலும் ஒரு நாள் முன்னரே சொல்லிவிட்டுப் போங்கள். உள்ளே ஒரு குடும்பம் இருக்கிறது.

படி 7: வீட்டைத் திரும்ப எடுக்கும்போது

படி 2இல் எழுதிய தாளையும் படங்களையும் கையில் வைத்துக்கொண்டு அதே வரிசையில் நடவுங்கள். மூன்று வருடத்தில் மங்கிய பெயின்ற், தேய்ந்த கதவுப்பிடி எல்லாம் இருந்து பாவித்த தேய்மானம். அதற்கு முற்பணத்தில் கை வைக்கக் கூடாது. உடைந்த பேசின், ஆணி அடித்துப் பிளந்த கதவு என்றால் பழுதின் உண்மை விலையை மட்டும் பில்லோடு காட்டிக் கழியுங்கள். கடைசி மின் பில்லும் தண்ணீர் பில்லும் கட்டிய பற்றுச்சீட்டை வாங்குங்கள். பாக்கி நின்றால் அது வீட்டுக்காரரின் கணக்கிலேயே நிற்கும். திறப்புகளை எண்ணி எடுத்து, மீதிக் காசைக் கொடுத்து, அதே தாளின் அடியில் இருவரும் திகதி போட்டுக் கையெழுத்து வையுங்கள்.