பழைய பம்பாயின் இறப்புக் கணக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்துப் பம்பாயின் சுகாதாரப் புள்ளிவிவரத்தைக் கையில் எடுக்கும் புதியவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். கூட்டல் பிழையும் ஆண்டு மாறிப் பதிவதும் மறுமுறை பார்த்தால் தெரிந்துவிடும். கணக்கு சரியாக இருந்தும் முடிவு தவறாகப் போகும் இடங்களை மட்டும் இங்கே சொல்கிறேன்.

பிளேக் காலத் தொகையால் வகுப்பது

இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். ஆண்டின் இறப்புகளை மக்கள்தொகையால் வகுத்து 1000ஆல் பெருக்கினால் இறப்பு விகிதம். இறப்பு ஆண்டுதோறும் பதிவாகும். தலை எண்ணுவது பத்தாண்டுக்கு ஒருமுறை. 1891 சென்சஸில் பம்பாய் 8,21,764 பேர், 1901இல் 7,76,006. உடனே "பிளேக் ஊரைத் தின்றுவிட்டது" என்று எழுதிவிடுகிறார்கள். செத்தவர்கள் ஏராளம், உண்மைதான். ஆனால் 1896இல் தொடங்கிய பிளேக் ஆண்டுதோறும் மார்ச்சையொட்டித்தான் உச்சம் தொடும். 1901 கணக்கெடுப்பு நடந்ததும் மார்ச் 1 அன்று. பயந்தவர்கள் கொங்கணத்துக்கும் மற்ற சொந்த ஊர்களுக்கும் போயிருந்த நேரம் அது. 1906இல் மாநகராட்சி தனியாக எண்ணியபோது 9,77,822 பேர் இருந்தார்கள்.

ஓர் ஆண்டில் 50,000 பேர் இறந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். 1901 தொகையால் வகுத்தால் 1000க்கு 64. 1906 தொகையால் வகுத்தால் 51. ஓர் உயிர்கூடக் கூடுதலாகப் பிழைக்காமலே 13 குறைந்துவிடும். அந்தக் குறைவுக்கு எலி ஒழிப்பையும் சாக்கடை வேலையையும் காரணம் காட்டுவது பெரிய அநியாயம்.

சரி, இரண்டு சென்சஸுக்கும் நடுவே நேர்கோடு போடலாமே என்பார்கள். 1911இல் 9,79,445. நேர்கோட்டின்படி 1906க்கு சுமார் 8,77,700 வரும். எண்ணிப் பார்த்ததற்கு ஒரு லட்சம் குறைவு. பத்தாண்டு வளர்ச்சி ஏறக்குறைய முழுவதும் முதல் ஐந்தாண்டிலேயே முடிந்திருக்கிறது, அதில் ஒரு பகுதி ஓடிப்போனவர்கள் திரும்பி வந்தது. ஆகவே 1902 முதல் 1905 வரை 1901, 1906 ஆகிய இரண்டு தொகைகளாலும் வகுத்து, கீழெல்லை மேலெல்லை இரண்டையும் கொடுங்கள். 1906ஐத் தாண்டி ஒரே கோடாக வரைபடம் போடாதீர்கள். வார வாரியான இறப்பு எண்ணிக்கை கிடைத்தால் விகிதத்தைவிட அதுவே நம்பகமானது.

சிசு மரண விகிதத்தை அப்படியே நம்புவது

1921இல் பதிவான 1000 பிறப்புக்கு 600க்கு மேல் சிசு மரணம். நிலைமை கொடுமைதான், ஒற்றை அறைக் குடியிருப்புகளில் குழந்தைகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. ஆனாலும் இந்த எண் வீங்கியது. பிரசவத்துக்குப் பெண்கள் தாய்வீடு போவார்கள். பிறப்பு அங்கே பதிவாகும். மூன்று மாதக் கைக்குழந்தையோடு திரும்பிய பிறகு அது இறந்தால், இறப்பு பம்பாய்க் கணக்கில் ஏறும். நகரத்திலேயே பிறந்ததும் பல பதிவாகவில்லை. பதிவான பிறப்புகளைப் பிள்ளைபெறும் வயதுப் பெண்களின் தொகையோடு ஒப்பிட்டால் எவ்வளவு விடுபட்டிருக்கிறது என்று பிடிபடும்.

மற்ற ஊர்களோடு ஒப்பிடுவது

பம்பாயில் 1911இல் 1000 ஆண்களுக்கு 530 பெண்கள்தான். இந்தக் கலவை மாறினால் இறப்பு விகிதமும் மாறும். வயது, பால் வாரியாகப் பிரிக்காமல் ஒப்பிடாதீர்கள்.

இறப்புக் காரணப் பட்டியலில் 'காய்ச்சல்' என்றால் மலேரியா என்று நினைப்பது

அது மலேரியா மட்டும் இல்லை.

1918இன் இன்ஃபுளுயன்சா சாவுகளைக் காரணப் பட்டியலில் தேடுவது

பெரும்பகுதி 'காய்ச்சல்', 'சுவாச நோய்' தலைப்புகளில் ஒளிந்திருக்கிறது. பிளேக்கின் முதல் ஆண்டுகளிலும் இதே கதைதான்: கட்டாயமாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள் என்ற அச்சத்தில் குடும்பங்கள் வேறு காரணம் சொல்லின. எல்லாக் காரணங்களையும் சேர்த்த மாத மொத்தத்தை எடுங்கள். 1913 முதல் 1917 வரை அதே மாதத்தின் சராசரியைக் கழியுங்கள். 1918 ஜூன், ஜூலையில் சிறிய மேடும், செப்டம்பர், அக்டோபரில் பெரிய மேடும் தனியாகத் தெரியும்.