பல் தேய்க்க அரைப் பாட்டு

“பல் தேய்ச்சாச்சா?” என்று தினமும் கத்தியதில் என் தொண்டை போனதுதான் மிச்சம். பல் மருத்துவர்கள் சொல்வது 2 நிமிடம். என் ஆறு வயது மகனுக்கு 20 விநாடியே அதிகம். இப்போது பிரஷ்ஷில் பட்டாணி அளவு பேஸ்ட் வைத்ததும் ஒரு அனிருத் பாட்டைப் போட்டுவிடுகிறேன். சினிமா பாட்டு பெரும்பாலும் 4 நிமிடம் போல ஓடும். பல்லவிக்கு மேல்வரிசை, இடையிசைக்குக் கீழ்வரிசை, அப்புறம் முதல் சரணத்தில் உள்பக்கம். மீதிப் பாட்டுக்குள் சீருடை.

குத்துப்பாட்டு மட்டும் வேண்டாம். ஆடுகிற ஆட்டத்தில் கண்ணாடி முழுக்க நுரை, துடைப்பது நான்தானே!

ஞாயிறு மட்டும் இளையராஜா. அன்று அவன் அப்பாவும் பிரஷ்ஷோடு வந்து நின்றுவிடுவார், பாட்டு முடிந்தாலும் நகரமாட்டார்.