துணையை இழந்த நாய்க்கும் பூனைக்கும் முதல் ஒரு மாதம்: என்ன செய்வது, எதைச் செய்யக் கூடாது

வீட்டில் இரண்டு வளர்ந்து ஒன்று இறந்துவிட்டால், மிஞ்சியிருப்பது சரியாகச் சாப்பிடாது. வாசலைப் பார்த்தே படுத்திருக்கும், ராத்திரியில் அறை அறையாகத் தேடும். இத்தாலியில் நாய் வளர்ப்பவர்கள் 426 பேரிடம் நடத்தி 2022-ல் வெளியான ஆய்வில், 86 சதவீதம் பேர் மிஞ்சிய நாயிடம் இப்படிப்பட்ட மாற்றங்களைப் பார்த்ததாகச் சொன்னார்கள். எத்தனை வருடம் சேர்ந்து இருந்தன என்பதைவிட, எவ்வளவு ஒட்டுதலாக இருந்தன என்பதே முக்கியமாகத் தெரிந்தது.

ஆனாலும் "ஏங்கிப் போயிருக்கு" என்ற முடிவுக்குக் கடைசியாகத்தான் வர வேண்டும். உண்ணிக் காய்ச்சல், பார்வோ (வாந்தியும் ரத்த பேதியும் வரும் வைரஸ் நோய்), எலிக்காய்ச்சல் எல்லாமே இதே சோர்வோடுதான் தொடங்கும். துக்கம் என்று நினைத்து நாலு நாள் விட்டுவைத்தால் இரண்டாவது உயிரும் போகலாம்.

படி 1: இறந்தது எதனால்?

முதுமை, புற்றுநோய், விபத்து என்றால் படி 2-க்குப் போங்கள். வாந்தி, ரத்த பேதி, காய்ச்சல், மஞ்சள் காமாலை என்றாலோ, காரணமே தெரியவில்லை என்றாலோ, மிஞ்சியதை அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். சென்னையில் தெரிந்த டாக்டர் இல்லாதவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. தடுப்பூசி அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். பார்வோ தொற்றி அறிகுறி தெரிய ஒரு வாரம், சில சமயம் இரண்டு வாரம்கூட ஆகும். அதனால் இன்று நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிட முடியாது.

பார்வோ என்றால் தரையை முதலில் சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவுங்கள். அழுக்கு இருந்தால் ப்ளீச் வேலை செய்யாது. பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி திரவ ப்ளீச் கலந்து ஊற்றி, 10 நிமிடம் ஈரமாகவே விட்டு அலசுங்கள். பினாயிலை நம்ப வேண்டாம். அது பார்வோவை உறுதியாகக் கொல்லாது. பூனை இருக்கும் வீட்டில் அது விஷமும்கூட: பாதத்தில் ஒட்டியதைப் பூனை நக்கிவிடும், அதை முறிக்கும் சக்தி அதன் கல்லீரலுக்குக் குறைவு.

படி 2: சாப்பாட்டை அளந்து எழுதுங்கள்

முழு மாதத்திலும் மிக முக்கியமான வேலை இதுதான். கிண்ணத்தில் வைத்தது எத்தனை கிராம், மிஞ்சியது எத்தனை கிராம் என்று சமையலறைத் தராசில் நிறுத்துக் குறியுங்கள். மலம், சிறுநீர், வாந்தி, தூக்கம் பற்றி ஒரு வரி போதும். நாய்க்கு ஒரு நாளைக்கு, கிலோவுக்கு 50 மில்லி தண்ணீர் என்பது தோராயக் கணக்கு. மே மாத வெயிலில் தண்ணீர் அதிகம் குடிக்கும், சாப்பாடு தானாகவே கொஞ்சம் குறையும். அதையும் மனதில் வைத்தே குறிப்பைப் படியுங்கள்.

எப்போது காத்திருக்கக் கூடாது:

- பூனை 24 மணி நேரம் எதுவுமே தொடவில்லை என்றால் அன்றே டாக்டர். பட்டினி கிடக்கும் பூனையின் உடல் கொழுப்பைக் கரைத்து அனுப்ப, அது கல்லீரலில் போய்த் தேங்கிவிடும். குண்டுப் பூனைக்கு ஆபத்து இன்னும் அதிகம். ஈறு மஞ்சளாகத் தெரிந்தால் ஏற்கெனவே தாமதமாகிவிட்டது.
- வளர்ந்த நாய் என்றால் இரண்டு நாள்வரை பார்க்கலாம், தண்ணீர் குடித்து நடமாடினால் மட்டும். குட்டிக்கும் சர்க்கரை நோயுள்ள நாய்க்கும் இந்த அவகாசம் கிடையாது.
- முயல் 12 மணி நேரம் சாப்பிடவில்லை என்றால் குடல் நின்றுபோயிருக்கலாம். உடனே கிளம்புங்கள்.

படி 3: சாப்பிட வைப்பது

வழக்கமான உணவையே வெதுவெதுப்பாக்குங்கள். வாசனை எழும்பும், பூனைக்கு அது பாதி வேலை. உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த கோழியோ முள் எடுத்த மீனோ இரண்டு ஸ்பூன் மேலே போடலாம். குழம்பில் தோய்த்துக் கொடுக்காதீர்கள், வெங்காயமும் பூண்டும் ரத்த அணுக்களைச் சிதைக்கும். கருவாட்டில் உப்பு அதிகம். 20 நிமிடம் வைத்துவிட்டுக் கிண்ணத்தை எடுத்துவிடுங்கள். பின்னாலேயே போய்க் கெஞ்சி ஊட்டினால், மறுத்தால் இன்னும் நல்லது வரும் என்று நாய் ரெண்டே நாளில் கற்றுக்கொள்ளும். நம் வீட்டு மாத்திரை எதையும் கொடுக்க வேண்டாம். ஒரே ஒரு பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும்.

படி 4: வாசனை

தொற்று இல்லாத இறப்பு என்றால் இறந்ததன் படுக்கையை உடனே துவைக்காதீர்கள். ஒன்றிரண்டு வாரம் அதே இடத்தில் கிடக்கட்டும். மிஞ்சியது அதில் போய்ப் படுத்தால் விடுங்கள். பார்த்தாலே பதறி ஒதுங்கினால் எடுத்துவிடுங்கள். உடலைக் காட்டினால் புரிந்துகொள்ளும் என்று பலரும் சொல்வார்கள். காட்டுவதால் துக்கம் குறைகிறது என்று ஆய்வுகளில் உறுதியாகத் தெரியவில்லை. தானாக வந்து மோந்து பார்த்தால் தடுக்க வேண்டாம், இழுத்து வந்தும் காட்ட வேண்டாம்.

படி 5: நேரம் மாறக் கூடாது

சாப்பாடு, நடை, தூக்கம் எல்லாம் பழைய நேரத்திலேயே. சென்னையில் காலை ஆறரைக்குள்ளும் இருட்டிய பிறகும்தான் தரை பாதத்தைச் சுடாது. தினமும் பத்து நிமிடம் புதிய தெருவில் மோந்துகொண்டே நடக்க விடுங்கள். ஊளையிடும் போதெல்லாம் ஓடிப்போய்த் தின்பண்டம் கொடுக்காமல், அமைதியாகப் படுத்திருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து தடவிக்கொடுங்கள்.

தனியாகவே இருந்து பழகாத நாயை, துணை போன மறுநாளே எட்டு மணி நேரம் பூட்டிவிட்டு ஆபீஸ் போவது கொடுமை. ஒரு நிமிடம் கதவைச் சாத்தித் திறப்பதில் தொடங்கி, பதறாமல் இருந்தால் மட்டும் ஐந்து, பத்து, முப்பது என்று கூட்டுங்கள்.

வயதான நாய் திடீரெனக் கூப்பிட்டாலும் திரும்பவில்லை என்றால் காதைச் சோதியுங்கள். இத்தனை நாளும் அது துணையைப் பார்த்துத்தான் எழுந்து வந்திருக்கும்.

சில விலங்குகள் ஒரு மாற்றமும் காட்டாது, சில முன்பைவிடக் கலகலப்பாகும். அதுவும் இயல்புதான். அதற்காக அதன்மேல் வருத்தப்படாதீர்கள்.

படி 6: புதிய துணை

சாப்பாடு, தூக்கம், விளையாட்டு மூன்றும் பழையபடி ஆகும்வரை வேண்டாம். சிலவற்றுக்கு ஆறு மாதம்கூட ஆகும். சோர்ந்த நாயின் மேல் குட்டி ஏறி விளையாடினால் கடியில் முடியும். வீட்டில் பார்வோ இருந்திருந்தால், தடுப்பூசிகள் முடியாத குட்டியை உள்ளே கொண்டுவரவே கூடாது. கிருமி மாதக்கணக்கில் உயிரோடிருக்கும்.

நாய்களை வீட்டு வாசலில் அல்லாமல் வேறு தெருவில் இணையாக நடக்கவைத்து அறிமுகப்படுத்துங்கள். பூனைக்குக் குறைந்தது ஒரு வாரம் தனி அறை, தனி மணல் தட்டு. இரண்டின் படுக்கைத் துணிகளையும் தினமும் மாற்றிப் போடுங்கள். கதவிடுக்கில் மோந்துவிட்டுச் சீறாமல் இரண்டும் சாப்பிடத் தொடங்கிய பிறகு கதவைத் திறக்கலாம்.